6174-க்கு இரண்டு வாசல்

1949 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கினால் 9941, ஏறு வரிசையில் 1499. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 8442. வந்த விடைக்கும் அதே வேலையைச் செய்யலாம்: 8442 − 2448 = 5994. மறுபடியும் 9954 − 4599 = 5355. அடுத்தது 5553 − 3555 = 1998. பிறகு 9981 − 1899 = 8082. பிறகு 8820 − 0288 = 8532. ஏழாவது முறை 8532 − 2358 = 6174. எட்டாவது முறையும் போட்டுப் பார்த்தால் 7641 − 1467, அதே 6174. கணக்கு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. எத்தனை முறை கழித்தாலும் எழுந்திருப்பதில்லை.

நான்கிலக்க எண் எதை எடுத்தாலும் இதே கதைதான். 1111, 7777 போல நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவே நிபந்தனை. அதிகபட்சம் ஏழு கழித்தலில் 6174 வந்து நிற்கும்.

1949-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஆண்டு சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் இந்தச் செய்தி முதலில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர். அவர் இதைக் கண்டுபிடித்தது 1946-இல். 1953-இல் ‘ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகா’ என்ற அமெரிக்க இதழில் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க 6174-க்குக் ‘காப்ரேகர் மாறிலி’ என்றுதான் பெயர்.

காப்ரேகர் 1905-இல் மும்பைக்கு வடக்கே டஹாணுவில் பிறந்தவர். புனே பெர்குசன் கல்லூரியில் படித்தார். மாணவராக இருந்தபோதே, 1927-இல், சொந்த ஆய்வுக்காக ராங்லர் பராஞ்சபே பெயரிலான கணிதப் பரிசைப் பெற்றார். பட்டம் வாங்கியது 1929-இல். அதற்கு மேல் படிக்கவில்லை. 1930 முதல் 1962 வரை தேவ்லாலியில் பள்ளிக்கூட வேலை. ஓய்வுக்குப் பிறகு ஓய்வூதியம் போதாமல் டியூஷன் எடுத்தார். மிச்ச நேரமெல்லாம் எண்களோடு. குடிகாரனுக்கு மது எப்படியோ, தனக்கு எண்கள் அப்படி என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் எண்களுக்குச் சூட்டிய பெயர்களைப் பார்த்தாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு ‘ஹர்ஷத்’ எண் என்று பெயர் வைத்தார், மகிழ்ச்சி தருவது என்ற பொருளில். வேறு எந்த எண்ணோடும் அதன் இலக்கங்களைக் கூட்டிப் பிறப்பிக்க முடியாத எண்ணுக்கு ‘சுயம்பு’ என்றார். இன்னொரு வகைக்கு ‘டெம்லோ’ எண்கள். டெம்லோ என்பது பம்பாயிலிருந்து முப்பது மைலில் இருந்த ரயில் நிலையம், இன்றைய டோம்பிவிலி. யோசனை அங்கே தோன்றியதால் எண்ணுக்கும் அந்தப் பெயர். ரயில் நிலையத்தின் பெயரைத் தாங்கிய எண் கணிதத்தில் வேறு இருக்கிறதா என்று தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து இந்தியக் கணிதப் பேராசிரியர்கள் பலர் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். 1975 மார்ச்சில் மார்ட்டின் கார்ட்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் தன் பத்தியில் எழுதிய பிறகுதான் காப்ரேகரின் பெயர் வெளிநாடுகளில் பரவலாயிற்று. அப்போது அவருக்கு எழுபது வயது. சிரித்தவர்களின் நியாயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம்.

அண்ணன் மகளுக்கு, ஏழாம் வகுப்பு படிக்கிறவள், ஒரு நாள் இதைச் சொல்லிக்கொடுத்தேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, குழந்தைகளுக்கே உரிய சாமர்த்தியத்தோடு, மிகச் சுலபமான எண்ணாக 1000-ஐ எடுத்துக்கொண்டாள். 1000-இலிருந்து 1 போனால் 999. 999-இலிருந்து 999 போனால் பூஜ்யம். “சித்தப்பா, உங்க ஆளு சொன்னது தப்பு” என்று நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

தப்பு காப்ரேகருடையது இல்லை. என்னுடையது, விதியை முழுசாகச் சொல்லவில்லை. இந்த விளையாட்டில் எண்ணுக்கு எப்போதும் நான்கு கட்டம். 999 என்று வந்தால் அதை 0999 என்று எழுத வேண்டும், பூஜ்யத்தை விட்டுவிடக் கூடாது. அப்படி எழுதினால் 9990 − 0999 = 8991, அதிலிருந்து 8082, அதிலிருந்து 8532, கடைசியில் 6174. ஆயிரத்துக்கு ஐந்து கழித்தல் போதுமானது. பூஜ்யத்தைத் தூக்கிப் போட்டதும் பாதை அறுந்துவிடுகிறது என்பது பின்னால் உதவப்போகிற தகவல். நாம் விளையாடுவது எண்ணோடா, எண்ணை எழுதும் முறையோடா?

நான்கு இலக்கங்களையும் பெரியதிலிருந்து சிறியதாக அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். பெரிய எண் 1000அ + 100ஆ + 10இ + ஈ. சிறிய எண் 1000ஈ + 100இ + 10ஆ + அ. கழித்தால் மிஞ்சுவது:

999 × (அ − ஈ) + 90 × (ஆ − இ)

ரகசியத்தின் பாதி இந்த ஒரு வரியில் இருக்கிறது. விடையைத் தீர்மானிப்பது நான்கு இலக்கங்கள் இல்லை, இரண்டு வித்தியாசங்கள் மட்டுமே. ஓரத்து இரண்டுக்கும் உள்ளதை ‘வெளி வித்தியாசம்’ என்றும், நடுவில் உள்ள இரண்டுக்குமானதை ‘உள் வித்தியாசம்’ என்றும் வைத்துக்கொள்கிறேன். வெளி 1 முதல் 9 வரை இருக்கலாம். உள், பூஜ்யத்திலிருந்து வெளி அளவுக்குள் அடங்க வேண்டும். வெளி 1 என்றால் இரண்டு வாய்ப்பு, 2 என்றால் மூன்று, இப்படியே 9 வரை போனால் பத்து. மொத்தம் 2 + 3 + … + 10 = 54.

ஆக, 0001-இலிருந்து 9998 வரை நம்மிடம் இருக்கும் 9,990 எண்களும் முதல் கழித்தலிலேயே 54 எண்களாகச் சுருங்கிவிடுகின்றன. ராமானுஜனும் ஹார்டியும் பேசிப் புகழ்பெற்ற டாக்ஸி எண் 1729-ஐப் போட்டுப் பாருங்கள். இறங்கு வரிசையில் 9721. வெளி 9 − 1 = 8, உள் 7 − 2 = 5. நாம் தொடங்கிய 1949-க்கு, அதாவது 9941-க்கு, வெளி 8, உள் 5. இரண்டும் முதல் அடியிலேயே 8442-இல் சந்தித்து, அதற்குப் பிறகு கைகோத்துக்கொண்டு ஒரே வழியில் போகின்றன. 1729-க்கும் ஏழு கழித்தல்தான்.

அந்த 54 எண்களின் இலக்கங்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. உள் வித்தியாசம் பூஜ்யமாக இல்லாதபோது விடையின் நான்கு இலக்கங்கள் இடமிருந்து வலமாக இப்படி இருக்கும்: வெளி, உள் − 1, 9 − உள், 10 − வெளி. 8-ஐயும் 5-ஐயும் இட்டால் 8, 4, 4, 2. சரியாக இருக்கிறது. நான்கையும் கூட்டினால் வெளியும் உள்ளும் அடிபட்டுப் போய் எப்போதும் 18 மிஞ்சும். (உள் பூஜ்யமாக இருந்தால் கூட்டுத்தொகை 27.) இந்தப் பதினெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இலக்கங்கள் எந்த வரிசையில் வந்தாலும் அடுத்த படியில் எப்படியும் கலைத்து அடுக்கத்தான் போகிறோம். அதனால் 8352-உம் 8532-உம் நமக்கு ஒன்றுதான். அப்படி ஒன்றாகச் சேர்த்தால் 54 என்பது 30 குழுக்களாகக் குறையும். முப்பதையும் ஒரு தாளில் எழுதி, எது எதற்குப் போகிறது என்று அம்புக்குறி போட அரை மணி நேரம் ஆகும். நிரூபணம் என்று பார்த்தால் அவ்வளவுதான். நான் போட்டுப் பார்த்தபோது என்னைத் தாளிலேயே நிறுத்திவைத்தது வேறொன்று.

6174 வர வேண்டுமானால் வெளி 6, உள் 2 ஆக இருந்தாக வேண்டும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 18-ஆகவும் இருந்து இதற்கும் பொருந்துகிற நான்கு இலக்கங்கள் எத்தனை? இரண்டே இரண்டு தொகுதிகள்: 8, 5, 3, 2 ஒன்று, 7, 6, 4, 1 மற்றொன்று. கூட்டுத்தொகை 27 உள்ளவற்றில் ஒன்றுகூடத் தேறாது, ஏனென்றால் வெளியும் உள்ளும் இரட்டைப்படையாக இருக்கும்போது கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக வர முடியாது. ஆகவே எங்கிருந்து புறப்பட்டாலும், ஒன்றுக்கு மேற்பட்ட படி ஏறி வருகிறவர்கள் இந்த இரண்டு வாசலில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். 1949 வந்தது 8532 என்ற வாசல் வழியாக. காப்ரேகர் பிறந்த 1905-ஐப் போட்டால் 9351, 8172, 7443, 3996, 6264, 4176 என்று சுற்றி மற்ற வாசல் வழியாக, அதுவும் ஏழாவது படியில், வருகிறது. அவர் மறைந்த 1986 முதல் அடியிலேயே அந்த 8172-இல் ஏறிக்கொள்வதால் அதற்கு ஆறு படி போதும்.

9,990 எண்களில் 6174-ஐயும் சேர்த்து 384 எண்களுக்கு அதிகபட்சம் ஒரு படி. மூன்று படியில் வந்து சேர்கிறவைதான் மிக அதிகம், 2,400. அடுத்து ஏழு படி ஏறுகிறவை, 2,184. சராசரி ஐந்துக்குச் சற்றுக் குறைவு.

இனி, சிரித்தவர்களின் நியாயம். ராமானுஜனை உலகுக்குக் காட்டிய அதே ஹார்டி 1940-இல் வெளியிட்ட ‘எ மேத்தமட்டீஷியன்ஸ் அபாலஜி’ என்ற சிறு நூலில் இதுபோன்ற விஷயங்களை ஒரு பிடி பிடிக்கிறார். தலைகீழாகத் திருப்பிய தன் உருவத்தின் மடங்காக இருக்கும் நான்கிலக்க எண்கள் 8712, 9801 இரண்டு மட்டும்தான்: 2178-ஐ நான்கால் பெருக்கினால் முதலாவது, 1089-ஐ ஒன்பதால் பெருக்கினால் இரண்டாவது. இதைச் சொல்லிவிட்டு, புதிர்ப் பத்திகளுக்குப் பொருத்தமான சரக்கு, கணிதவியலாளரை ஈர்க்க இதில் ஏதுமில்லை என்ற தீர்ப்பைச் சொல்கிறார். தனி ஒரு தகவலோடு முடிந்துவிடுகிறது, அதிலிருந்து வேறெங்கும் போக வழியில்லை என்பது அவருடைய குறை.

பாதி நியாயம். இலக்கம் என்பது எண் அணிந்திருக்கும் சட்டை. பன்னிரண்டு பொருள்களைக் கும்பலாக வைத்தால் அது இரண்டு ஆறுகளாகப் பிரியும், மூன்று நான்குகளாகப் பிரியும். எந்த மொழியில் எண்ணினாலும் இது மாறாது. ஆனால் அதை ‘12’ என்று எழுதுவதும் அதில் ஒரு 1-உம் ஒரு 2-உம் இருப்பதும் நமக்குப் பத்து விரல் இருப்பதால் வந்த வழக்கம். 1000-இல் குழந்தை தடுக்கி விழுந்தது அந்தச் சட்டையின் நுனியில்தான். 6174-இன் மகிமை முழுக்கச் சட்டையில் இருக்கிறதென்றால் ஹார்டி சொன்னதில் தப்பில்லை.

ஆனால் சட்டையை மாற்றிப் பார்க்கலாமே. பத்துக்குப் பதில் வேறொரு அடிமானத்தில் எண்களை எழுதினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைக் கேட்டதுமே கணக்கு புதிர்ப் பத்தியை விட்டு வெளியே வந்துவிடுகிறது.

பத்தை ஐந்து சம பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு 2. வெளி வித்தியாசம் மூன்று பங்கு, உள் வித்தியாசம் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரப்படி விடையின் இலக்கங்கள்: மூன்று பங்கு, ஒரு பங்கில் ஒன்று குறைவு, நான்கு பங்கில் ஒன்று குறைவு, இரண்டு பங்கு. இறங்கு வரிசையில் அடுக்கினால் நான்கு பங்கில் ஒன்று குறைவு, மூன்று பங்கு, இரண்டு பங்கு, ஒரு பங்கில் ஒன்று குறைவு. ஓரத்தில் இருக்கும் இரண்டையும் கழித்தால் குறைந்த ஒன்றுகள் இரண்டும் அடிபட்டு மறுபடி மூன்று பங்கு வருகிறது. நடுவில் உள்ளவற்றைக் கழித்தால் ஒரு பங்கு. எதை வைத்துத் தொடங்கினோமோ அதுவே திரும்பி வருகிறது. 7641 என்பது வேறொன்றுமில்லை, 8, 6, 4, 2 என்ற சீரான படிக்கட்டில் மேல் படியும் கீழ்ப் படியும் ஒவ்வொன்று தேய்ந்தது.

இந்த வாதத்தில் பத்து எங்கேயும் வரவில்லை, ஐந்தால் வகுபட வேண்டும் என்பது மட்டுமே வந்தது. ஆகவே ஐந்தின் மடங்கான எந்த அடிமானத்திலும் 6174-க்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. ஐந்தாம் அடிமானத்தில் 3032. பதினைந்தாம் அடிமானத்தில் இலக்கங்கள் 9, 2, 11, 6.

மூன்றிலக்க எண்களுக்கு இதே விளையாட்டை ஆடினால் 495-இல் போய் நிற்கும் (954 − 459). அங்கே நடு இலக்கம் அடிபட்டுப் போவதால் வெளி வித்தியாசம் மட்டும்தான் கணக்கு. அது அடிமானத்தில் சரிபாதியாக இருந்தால் தன்னையே திரும்பத் தருகிறது. பத்தில் பாதி 5; 99 × 5 = 495. இரட்டைப்படை அடிமானம் ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு மூன்றிலக்க எண் உண்டு. பத்து என்பது இரண்டு பெருக்கல் ஐந்து. அந்த இரண்டு மூன்றிலக்கத்தில் 495-ஆக வெளிப்படுகிறது, ஐந்து நான்கிலக்கத்தில் 6174-ஆக. நமக்குக் கைக்கு ஆறு விரல் இருந்து பன்னிரண்டில் எண்ணியிருந்தால் முதலாவதற்கு ஓர் அண்ணன் கிடைத்திருப்பான், இரண்டாவதற்கு இந்தப் பங்கீடு பலித்திருக்காது.

நின்றுவிடும் எண் ஒன்று இருப்பது வேறு, எல்லா எண்ணும் அதை நோக்கியே வந்து சேர்வது வேறு. ஈரிலக்கத்தில் நிற்கும் இடமே கிடையாது. 09, 81, 63, 27, 45 என்று ஐந்தும் ஒன்றையொன்று துரத்திச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்திலக்கத்திலும் நிற்பது எதுவும் இல்லை, மூன்று சுழல்கள்தான் உண்டு. அவற்றில் மிகச் சிறியது 53955-உம் 59994-உம் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருப்பது. ஆறிலக்கத்தில் 549945, 631764 என்று நிற்கும் எண்கள் இரண்டு, கூடவே ஏழு எண்கள் கொண்ட ஒரு சுழலும். அந்த 631764-ஐச் சற்று உற்றுப் பாருங்கள்: 6174-இன் முதல் இரண்டு இலக்கங்களுக்கு நடுவே ஒரு 3, கடைசி இரண்டுக்கு நடுவே ஒரு 6. இன்னொரு 3, இன்னொரு 6 செருகினால் 63317664. எட்டிலக்கத்தில் அதுவும் நிற்கும். செருகிக்கொண்டே போகலாம்.

ஜி. டி. பிரிச்செட், ஏ. எல். லூடிங்டன், ஜே. எஃப். லபென்டா மூவரும் 1981-இல் ‘ஃபிபனாச்சி குவார்ட்டர்லி’ இதழில் இதற்கு முடிவு கட்டினார்கள். தசம முறையில், எல்லா எண்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் எண்கள் 495, 6174 இரண்டு மட்டுமே. ஆயிரம் இலக்கம் வரை போனாலும் மூன்றாவது கிடையாது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், எந்தெந்த அடிமானங்களில் நான்கிலக்க மாறிலி உண்டு என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட கட்டுரை ஒன்று ஜெர்மனியின் மிகப் பழைய கணித இதழான ‘க்ரெல்லே’யில் வந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் அதே பிரிச்செட். மற்றவர் ஹெல்முட் ஹாஸே.

ஹாஸே சாதாரண ஆள் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் எண் கோட்பாட்டில் அவர் பெயர் ஒட்டாத மூலை குறைவு. இருபடிச் சமன்பாடுகளுக்குப் பின்ன எண்களில் விடை உண்டா என்று பார்க்கும் ஹாஸே–மின்கோவ்ஸ்கி தேற்றத்தைப் படிக்காமல் அந்தத் துறையில் யாரும் பட்டம் வாங்க முடியாது. அவர் எண்பதை நெருங்கும் வயதில், இறப்பதற்கு ஓராண்டு முன், தேவ்லாலி ஆசிரியரின் கழித்தலை எடுத்து உட்கார்ந்தார். காப்ரேகர் அப்போது உயிரோடிருந்தார். வேறெங்கும் போக வழியில்லை என்ற ஹார்டியின் குறைக்கு ஹாஸேயின் கட்டுரையைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, அந்தப் பதினெட்டு. 6174-இன் இலக்கங்களைக் கூட்டினால் 6 + 1 + 7 + 4 = 18. அந்த 18-ஆல் 6174-ஐ வகுத்தால் மீதியின்றி 343. ஆக, காப்ரேகரின் மாறிலி காப்ரேகரின் ஹர்ஷத் எண்ணாகவும் இருக்கிறது. 18-ஆல் வகுபடுவதில் பெரிய அதிசயம் இல்லை: 999-உம் 90-உம் ஒன்பதின் மடங்குகள், கடைசி இலக்கமும் இரட்டைப்படை. கூட்டுத்தொகை 18 வந்ததும் முன்பே பார்த்தபடி கட்டாயம்தான். ஆனால் அந்த 343 எந்தக் கட்டாயத்தாலும் வந்ததல்ல. அது 7 × 7 × 7.

அது மட்டுமில்லை. 18-உம், 18-இன் வர்க்கமும், 18-இன் கனமும் சேர்ந்தால் 18 + 324 + 5832 = 6174. இரண்டு செய்தியும் ஒன்றுதான்: 18-ஐப் பொதுவாக வெளியே எடுத்தால் உள்ளே இருப்பது 1 + 18 + 324, அதாவது 343. ஒன்று, ஓர் எண், அதன் வர்க்கம் மூன்றையும் கூட்டினால் அது இன்னொரு முழு எண்ணின் கனமாக வருமா? பூஜ்யத்தை விட்டுவிட்டால், மிகை முழு எண்களில் அப்படி வருவது 18-க்கு மட்டுமே. இதை நிறுவியவர் நார்வேயின் வில்ஹெல்ம் யுங்கிரென். அவருக்கு முன்பே அந்நாட்டின் டிரிக்வே நாகெல் பாதை போட்டுவைத்திருந்தார். இருவர் பெயரும் தாங்கிய பொதுச் சமன்பாட்டுக்கு இன்றுவரை தெரிந்த விடைகள் மூன்றுதான். அந்த மூன்றில் இந்தப் பதினெட்டும் ஏழும் ஒன்று. மற்ற இரண்டு, 3-இன் அடுக்குகள் ஐந்தைக் கூட்டி 11-இன் வர்க்கம் வருவதும் (1 + 3 + 9 + 27 + 81 = 121), 7-இன் அடுக்குகள் நான்கைக் கூட்டி 20-இன் வர்க்கம் வருவதும் (1 + 7 + 49 + 343 = 400). நான்காவது கிடையாது என்பது ஊகம், நிரூபணம் இன்னும் இல்லை.

பதினெட்டாம் அடிமானத்தில் 6174-ஐ எழுதினால் 1110. அங்கே காப்ரேகரின் விதியைப் போட்டால் முதல் கழித்தலிலேயே நழுவி 0, 17, 17, 17 என்று ஆகிவிடும். குழந்தை 1000-இல் தொடங்கிப் போய்ச் சேர்ந்த 0999-இன் அதே அச்சு. வாசல் இரண்டும் அங்கே இல்லை. ஏழின் கனம் மட்டும் அங்கேயும் ஏழின் கனம்தான்; 111 என்று எழுதியிருக்கும்.